அப்பாவின் காலண்டர் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பா சென்ற மாதம் இறந்துவிட்டார். வயது 86. அறுபது வருடங்களுக்கு மேல் ஒரே நிலத்தில் விவசாயம் பார்த்தவர். ஐந்து பிள்ளைகள், பதினொரு பேரப்பிள்ளைகள். ஞாயிறு பூசையைத் தவறவிட்டு நான் பார்த்ததில்லை. பத்து வயதில் என்னை விடுதியில் சேர்த்தார்கள். அதன்பிறகு விடுமுறைக்கு வந்துபோகும் பிள்ளையாகத்தான் அந்த வீட்டில் இருந்தேன்.

அடக்கத் திருப்பலியில் (அடக்கத்துக்கான பூசையில்) வாசிக்க நான்கு பக்கம் எழுதியிருந்தேன். மறையுரையின்போது, அதாவது பிரசங்க நேரத்தில், பேச முடியாது, முடிவில் மூன்று நிமிடம் தருகிறேன் என்று பங்குத்தந்தை சொல்லிவிட்டார். அது பெரிய மனவருத்தம். அதைவிடப் பெரியது, கேட்டுக்கொண்டிருந்த தம்பி “அக்கா, இது யாருக்கு வேண்டுமானாலும் பொருந்துமே” என்றது. ‘கடின உழைப்பாளி, அன்பான கணவர், பாசமுள்ள தந்தை, ஆழ்ந்த பக்தர்’ என்று எழுதியிருந்தேன். எல்லாம் உண்மைதான்.

முதலாண்டு நினைவுக்கு ஒரு சிறு புத்தகம் போட நினைக்கிறோம். என் சிக்கல் இது: நான் கோயிலுக்குப் போவதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அப்பாவின் விசுவாசத்தைப் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி? வீட்டைச் சுத்தம் செய்தபோது பரணில் 22 பழைய காலண்டர்கள் கிடைத்தன. தம்பி குப்பையோடு எரிக்கப் போகிறான். என் மகன் பிறந்த வருடம் என்பதால் 2014-ஐ மட்டும் எடுத்து வைத்தேன். அதில் பென்சிலால் சில குறிப்புகள். மார்ச் 7, தவக்கால வெள்ளி: ‘செ +’. செபமும் சிலுவையும் என்று நினைக்கிறேன். மார்ச் 28: ஒரு கேள்விக்குறி, பிறகு அடிக்கப்பட்டிருக்கிறது. அக்டோபர் 16: ‘செ. நிறுத்து’. டிசம்பர் 15: ஒரு வட்டம் மட்டும். டிசம்பர் 18: ‘கி’. அப்பாவுக்கும் சந்தேகம் வந்து, செபத்தையே விட்டு, பிறகு கிறிஸ்துவிடம் திரும்பினாரோ? அப்படியென்றால் அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு பாலம் இருக்கிறது. மே 15-இல் ‘87’ என்று இருக்கிறது. வேறு பல நாட்களின் மூலையில் 12, 4, 31 என்று எண்கள். படம் இணைத்திருக்கிறேன்.

இன்னும் இரண்டு. அப்பா பயந்துவிடுவார் என்று குருவானவரைத் தாமதமாகத்தான் அழைத்தோம். அவர் வந்து நோயாளிகளுக்கான எண்ணெயைப் பூசியபோது அப்பாவுக்கு நினைவில்லை. அது செல்லுமா? அடுத்தது, சொல்லக்கூடாது, ஆனாலும் சொல்கிறேன். அப்பாவுக்கு மாடுகள்தான் பெரிது. 2014 டிசம்பர் 14, ஞாயிறு, என் மகனின் ஞானஸ்நானம். “வேலை இருக்கிறது” என்று ஒரே வார்த்தையில் வராமல் இருந்துவிட்டார். எட்டு மணி நேரப் பயணம்தான்.

புத்தகத்துக்குக் கவிதை சேர்க்கலாமா, எந்தப் படத்தை அட்டையில் போடலாம் என்றும் சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

அன்புள்ள சகோதரி,

காலண்டர்களை எரிக்காதீர்கள். இந்தப் பதிலின் மிச்சத்தைப் படிக்கும் முன் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டு வாருங்கள்.

கவிதை வேண்டாம். அட்டைக்கு எந்தப் படமும் சரிதான், ஸ்டுடியோவில் எடுத்ததாக இல்லாமல் இருந்தால் போதும். பங்குத்தந்தைமேல் வருத்தம் வேண்டாம். அவர் விதிப்படி நடந்திருக்கிறார். அடக்கத் திருப்பலியில் சிறு மறையுரை உண்டு, ஆனால் இறந்தவரைப் புகழ்ந்துரைப்பதாக அது இருக்கக் கூடாது என்று பூசைக்கான விதிகளைத் தரும் திருப்பலி நூலின் பொதுப் போதனை 382-ஆம் எண்ணில் தெளிவாகச் சொல்கிறது. குடும்பத்தார் பேசுவதற்கான இடம் பூசை முடிவில் வரும் நன்றிமன்றாட்டுக்குப் பிறகு, இறுதி விடைச் சடங்கு தொடங்கும் முன்பு. அதைத்தான் உங்களுக்குத் தந்திருக்கிறார். மூன்று நிமிடம் என்பது நிதானமாக வாசித்தால் முந்நூறு சொல். முந்நூறு சொல்லில் ஒரு மனிதரைச் சொல்ல முடியாது என்றால் நான்கு பக்கத்திலும் முடியாது. உங்கள் தம்பி அதைத்தான் சொன்னார். அவர் சொன்னதே சரி என்பதுதான் உங்களுக்கு உறுத்துகிறது.

விவசாயிகள் எழுதி வைப்பதில்லை, அவர்களோடு எல்லாம் போய்விடுகிறது என்று ஒரு புலம்பல் எப்போதும் உண்டு. கொஞ்ச காலமாகவே அந்தப் புலம்பல்மேல் எனக்குச் சந்தேகம். எழுதத்தான் செய்கிறார்கள். காலண்டரில், தொழுவத்துக் கதவின் பின்பக்கம், விதைப்பெட்டி மூடியின் உட்புறம், மருந்து வாங்கிய ரசீதின் முதுகில். வாசிக்கத் தெரியாதவர்கள் நாம்தான். நம்மால் வாசிக்க முடியாததால், செத்தவர் எழுதவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். உங்கள் கடிதத்தில் அந்த ஐந்து கட்டங்களைப் பார்த்ததும்தான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் அந்தக் கட்டங்களைக் கோத்திருக்கும் விதம் நல்ல சிறுகதை. தவக்கால வெள்ளியில் செபமும் சிலுவையும். மூன்றே வாரத்தில் சந்தேகம். செபமாலை மாதமான அக்டோபரில் செபத்தையே நிறுத்திவிடுகிறார். கிறிஸ்துமசுக்கு முந்தைய திருவருகைக்காலத்தில் வெற்று வட்டம். கிறிஸ்துமசுக்கு ஒரு வாரம் முன்பு கிறிஸ்துவிடம் வந்து சேர்கிறார். ஒரு மனிதரின் ஆன்ம இருள் ஒன்பது மாதத்தில் ஒழுங்காக முடிந்துவிடுகிறது. அந்த ஒன்பது மாதம்தான் இடிக்கிறது.

எண்ணிப் பாருங்கள். மார்ச் 7-லிருந்து மார்ச் 28 வரை 21 நாள். மார்ச் 7-லிருந்து டிசம்பர் 15 வரை 283 நாள். அக்டோபர் 16-லிருந்து டிசம்பர் 15 வரை 60 நாள்.

‘செ’ என்பது ஒரு பசு. செவலையோ செம்பியோ, அம்மாவைக் கேளுங்கள், பெயர் சொல்வார். மார்ச் 7 அன்று அதற்குச் சினை ஊசி போட்டிருக்கிறார்கள், அல்லது காளைக்கு விட்டிருக்கிறார்கள். கூட்டல் குறி அதுதான். பசுவுக்குப் பருவம் 21 நாளுக்கு ஒருமுறை திரும்பும். சினை பிடிக்கவில்லையென்றால் 28-ஆம் தேதியை ஒட்டி மறுபடி கத்தும், மற்ற மாட்டின்மேல் தாவும், பின்புறம் கண்ணாடி போன்ற கோழை வடியும். அதைக் கவனிக்க வேண்டிய நாள் என்பதற்குத்தான் கேள்விக்குறி. ஒன்றும் நடக்கவில்லை, எனவே அடித்துவிட்டார். அந்தக் கோடு எத்தனை நிம்மதியோடு போடப்பட்டிருக்கும் என்று மாடு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சினை பிடிக்காமல் ஒரு பருவம் போனால் மூன்று வாரத் தீவனம் வீண். பெரும்பாலும் இரவிலும் விடிகாலையிலும்தான் பருவ அறிகுறி நன்றாகத் தெரியும். காலையில் கண்டால் மாலையில் ஊசி, மாலையில் கண்டால் மறுநாள் காலையில் என்பது கணக்கு. ஆகவே அந்த 21-ஆம் நாளை ஒட்டி, எழுபதைத் தாண்டிய ஒரு மனிதர் இரவில் இரண்டு தடவையாவது டார்ச்சை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குப் போயிருப்பார்.

‘செ. நிறுத்து’ என்றால் பாலை நிறுத்து. ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறப்பதை விட்டுவிட வேண்டும். மடியின் உள்திசு அந்த ஓய்வில்தான் புதுப்பிக்கப்படுகிறது. சீம்பாலும் அப்போதுதான் ஊறுகிறது. நாற்பது நாளுக்குக் கீழே போனால் அடுத்த ஈற்றில் பால் குறையும். அடர்தீவனத்தைக் குறைத்து, கடைசியாக மடியை ஒட்டக் கறந்துவிட்டு, பிறகு கைவைக்காமல் இருப்பது. இரண்டு மூன்று நாள் மடி கல்லாக இறுகும். பார்த்துவிட்டு மனசு கேட்காமல் கொஞ்சம் கறந்து விடுவார்கள். அத்தோடு எல்லாம் முதலிலிருந்து. ஆனால் இறுக்கத்தோடு சூடும் சிவப்பும் இருந்தால் அது மடிநோய், வைத்தியரைக் கூப்பிட வேண்டும். இந்த இரண்டையும் பிரித்தறிவதற்குத் தினமும் தொட்டுப் பார்க்கிற ஒரு கை தேவை.

வட்டம், ஈனும் நாள். ‘கி’ என்றால் கிடேரி. மூன்று நாள் தள்ளி, 286-ஆம் நாளில் பெண் கன்று போட்டிருக்கிறது. இன்னும் சந்தேகமென்றால் அதே காலண்டரில் வேறெங்காவது ‘கா’ என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது காளைக்கன்று. தயவுசெய்து அதைக் ‘காணிக்கை’ என்று வாசித்துவிடாதீர்கள்.

நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூட்டல் குறி, கேள்விக்குறி, ‘நிறுத்து’, வட்டம் நான்கும் ஒரே மழுங்கிய பென்சில் முனையால் எழுதப்பட்டவை. அடித்த கோடும் ‘கி’யும் மட்டும் மெல்லிய, கூரான முனை. அதாவது மார்ச் 7 மாலையிலேயே அவர் காலண்டரைப் புரட்டி டிசம்பர் வரை போட்டுவிட்டார். அக்டோபர் 16-ஆம் தேதி செபத்தை நிறுத்தப் போகிறேன் என்று மார்ச் மாதமே யாரும் குறித்து வைப்பதில்லை, சகோதரி.

நீங்கள் கண்டுபிடித்த பாலத்தை நான் உடைத்துவிட்டேன் என்று தெரிகிறது. அவருக்குச் சந்தேகமே வந்திருக்காது என்று நான் சொல்லவில்லை. அறுபது வருடம் மழையைப் பார்த்து நின்றவருக்கு வராமல் இருந்திருக்காது. ஆனால் அதற்கான சாட்சி இந்தக் கட்டங்களில் இல்லை. இல்லாத இடத்தில் அதை வைத்தீர்களென்றால், உங்கள் கதைக்கு அவரை ஆளாக்குகிறீர்கள். ‘ஆழ்ந்த பக்தர்’ என்று எழுதியபோது செய்த பிழையும் இதுதான். அவர் செய்ததைப் பார்க்காமல் அவர் எப்படிப்பட்டவர் என்று தீர்ப்பு எழுதுவது. தம்பிக்கு யாருக்கும் பொருந்துவதாகத் தோன்றியது அதனால்தான். ‘கடின உழைப்பாளி’ லட்சம் பேர். மார்ச் 7-இல் நின்றுகொண்டு டிசம்பர் 15-இல் வட்டம் போட்டவர் உங்கள் அப்பா.

மே 15-க்கு வருகிறேன், ஏனென்றால் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டீர்கள். அது விவசாயிகளின் பாதுகாவலர் புனித இசிதோரின் திருநாள். மாட்ரிட் பக்கத்து நிலக்கிழார் ஒருவரிடம் கூலிக்கு உழுதவர். சொந்த நிலம் கிடையாது. 1622-இல் இஞ்ஞாசியார், சவேரியார், அவிலா தெரேசா, பிலிப் நேரி ஆகியோரோடு ஒரே நாளில் புனிதர் பட்டம் பெற்றார். ஒருபக்கம் சபை நிறுவியவர்கள், மறைபரப்பியவர்கள். நடுவில் ஒரு பண்ணையாள். அவர் செபித்துக்கொண்டிருந்தபோது வானதூதர்கள் அவருக்காக ஏர் ஓட்டினார்கள் என்பது மரபுக்கதை. செபித்தால் வேலை தானே நடக்கும் என்று சில மறையுரைகளில் இதை விளக்குகிறார்கள். எனக்கு ஒத்துக்கொள்ள முடியாத விளக்கம். வானதூதரே ஆனாலும் யாராவது உழுதே ஆக வேண்டியிருந்தது என்பதைத்தான் அந்தக் கதை சொல்கிறது.

அந்த ‘87’ பெரும்பாலும் விதையின் முளைப்பு எண்ணிக்கை. மூட்டையின் மேல், நடு, அடி மூன்றிலிருந்தும் பொறுக்காமல் அள்ளி நூறு விதை எண்ணுவது. பொறுக்கினால் நல்லதாகத்தான் கை எடுக்கும், கணக்குப் பொய்யாகும். 25 வீதம் நான்கு ஈரத்துணியில் பரப்பிச் சுருட்டி, நிழலில் வைத்து, காயாமலும் நீர் தேங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். பயிரைப் பொறுத்து 5 முதல் 14 நாளில் முளைத்ததை எண்ணலாம். வெறும் வேர் மட்டும் நீட்டியதைச் சேர்க்கக் கூடாது. வேரும் குருத்தும் இரண்டும் வேண்டும். நூற்றுக்கு 87 என்றால், எல்லாம் முளைத்தால் 20 கிலோ போதும் என்கிற இடத்தில் 23 கிலோ விதைக்க வேண்டும். நான்கு துணிகளுக்குள் வித்தியாசம் அதிகமென்றால் விதையில் கலப்படமோ, ஒருபக்கம் ஈரம் ஏறியதோ இருக்கும். அதை இசிதோர் நாளில் எண்ணி முடிக்கிற மாதிரி முன்கூட்டியே ஊறப்போட்டிருக்கிறாரா, தற்செயலா? மற்ற 21 காலண்டர்களில் மே 15-ஐப் பாருங்கள். வருடாவருடம் ஓர் எண் இருந்தால், அவருடைய விசுவாசத்தைப் பற்றிய ஓர் அத்தியாயம் உங்களுக்குக் கிடைத்துவிட்டது. அதை எழுத நீங்கள் கோயிலுக்குப் போகிறவராக இருக்க வேண்டியதில்லை, எண்ணத் தெரிந்திருந்தால் போதும்.

மூலை எண்கள் மழை. பால் கணக்காக இருந்தால் தினமும் இருந்திருக்கும். எங்கோ வேலியோரம் ஒரு டப்பா வைத்திருப்பார், தேடுங்கள். வாயும் அடியும் ஒரே அகலமாக, பக்கச்சுவர் நேராக இருக்கும் டப்பா. அப்படியிருந்தால்தான் உள்ளே அளவுகோலை விட்டு வருகிற உயரமே மழையின் மில்லிமீட்டர். தோள் சரிந்த பாட்டில் ஏமாற்றும். மரத்தடியிலும் சுவரோரத்திலும் வைத்தால் அளவு குறையும். ஒரே நேரத்தில் தினமும் பார்த்துக் கொட்ட வேண்டும், விட்டால் வெயில் குடித்துவிடும். ஒரு ஏக்கரில் 1 மி.மீ. மழை சுமார் 4,000 லிட்டர். அந்த 31 என்பது ஏக்கருக்கு ஒன்றேகால் லட்சம் லிட்டர். நீங்கள் குப்பை என்ற பரணில் ஒரே இடத்தில் எடுத்த 22 வருட மழைப் பதிவு கிடக்கிறது. அதை எரிக்கப் பார்த்தீர்கள்.

இனி செய்ய வேண்டியது. செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள். டேப்பின் பசை சில வருடத்தில் மஞ்சளாகி எழுத்தைத் தின்னும். லேமினேஷன் செய்தால் திரும்ப வழியில்லை. பென்சில் எழுத்து எளிதில் வெளுக்காது, ஆனால் கை பட்டுத் தேயும். ஆகவே ஓரத்தைப் பிடித்துத் திருப்புங்கள். ஒவ்வொரு தாளையும் ஜன்னல் வெளிச்சத்தில் நேர் மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் விளக்கைச் சாய்த்து இன்னொரு படம். அழித்த எழுத்தின் தடம் இரண்டாவதில் தெரியும். பிறகு வெள்ளைத்தாள் இடைவைத்து, கரையானும் ராமபாணப்பூச்சியும் ஏறாத பெட்டியில் படுக்கையாக வையுங்கள். நிறுத்தி வைத்தால் வளையும்.

அடுத்தது அம்மா. “அப்பா எப்படிப்பட்டவர்?” என்று கேட்காதீர்கள். “நல்லவர்” என்பார், அழுவார், அதற்குமேல் வராது. காலண்டரை அவர் மடியில் வைத்து, ஒரு கட்டத்தைக் காட்டி, “இது என்ன, அதற்கு மறுநாள் என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஒரு தடவைக்கு ஒரு மாதம் போதும். நிலத்தில் அவரோடு வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் வேறாகக் கேளுங்கள், அம்மா இல்லாத நேரத்தில். தவறிப்போனவற்றையும் கேளுங்கள்: செத்த கன்று, அழுகிய விதை, தப்பிய மழை. புகழ் மட்டும் இருக்கும் நினைவுப் புத்தகத்தைச் சொந்தக்காரர்களே இரண்டாவது தடவை திறப்பதில்லை.

புத்தகத்தை முதலாண்டு நினைவுக்கே முடித்துவிட அவசரப்படாதீர்கள். ஒரு விவசாயி செய்தவை ஒரே நாளில் காணாமல் போவதில்லை, பருவத்துக்கு ஒன்றாகத்தான் நிற்கும். மழைக்கு முன்பு வாய்க்காலின் கடைவாயில் அடைந்த சருகை யாரோ மண்வெட்டியால் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். இந்த வருடம் யாரும் தள்ளமாட்டார்கள். வயலில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் மண்ணின் துளைகளில் இருந்த காற்று போய், வேர் மூச்சு முட்டிப் பயிர் மஞ்சளாகும். மோட்டார் ஓடும், தண்ணீர் வராது. உறிஞ்சுகுழாயின் அடியில் ஃபுட் வால்வு கசிகிறது, பம்புக்குள் காற்று பிடித்துக்கொள்கிறது. தினமும் ஒரு வாளி ஊற்றிவிட்டுத்தான் அவர் சுவிட்சைப் போட்டுக்கொண்டிருந்தார் என்பது அப்போதுதான் தெரியும். தம்பியிடம் ஒரு நோட்டுக் கொடுங்கள். ஏதாவது பழுதாகும் ஒவ்வொரு தடவையும் தேதியோடு எழுதட்டும்: என்ன நின்றது, ஏன், அப்பா அதை என்ன செய்துவந்தார். முழு ஒரு வருடம். புத்தகத்தின் பாதியை அந்த நோட்டே எழுதிவிடும்.

பூசுதலைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள், மறந்துவிட்டேன். செல்லும். நினைவோடு இருந்தபோது கேட்டிருப்பார் என்று கொள்ள இடமிருந்தாலே நினைவிழந்தவருக்கும் அதைக் கொடுக்க வேண்டும் என்கிறது திருச்சபைச் சட்டத்தின் 1006-ஆவது விதி. ஞாயிறு பூசை தவறாதவருக்கு அந்த இடம் நிறையவே இருக்கிறது. உயிர் இருக்கிறதா என்றே சந்தேகமானாலும் கொடுக்க வேண்டும், அது 1005. ஆனால் உங்களைச் சும்மா விடுவதாக இல்லை. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே கொடுக்கலாம், அதாவது அப்போதே அழைத்திருக்கலாம் என்பது 1004. ‘அவஸ்தைப் பூசுதல்’ என்ற பழைய பெயரே பாதி பயத்துக்குக் காரணம். இப்போது அது நோயில் பூசுதல். நோய் முற்றினால் திரும்பவும் பெறலாம். சாகிறவருக்கான அருளடையாளம் (திருச்சபையின் புனிதச் சடங்கு) உண்மையில் வழியுணவாகத் தரப்படும் நற்கருணைதான், பூசையில் தரும் அந்த அப்பம். அதற்கு விழுங்கும் சக்தி இருக்க வேண்டும். நீங்கள் தாமதித்ததில் அவருக்குத் தவறியது அது. அப்பா பயந்துவிடுவார் என்று நினைத்திருக்கிறீர்கள். ஒன்பது மாதம் முன்பே தேதி குறித்து வட்டம் போடுகிறவர், தன் தேதியைக் கேட்டுப் பயந்திருப்பார் என்றா நினைத்தீர்கள்?

சரி, போனது போகட்டும். 1972-இல் போப் ஆறாம் பவுல் இந்தச் சடங்கைத் திருத்தியபோது ஒலிவ எண்ணெய் கிடைக்காத இடத்தில் வேறு தாவர எண்ணெயும் ஆகலாம் என்றார். கண், காது, மூக்கு, வாய், கை, கால் என்று நீண்ட பழைய முறையும் சுருங்கி, நெற்றியும் இரு கைகளும் என்றானது. அவ்வளவு சுருக்கியபோதும் கைகளை விடவில்லை. ஏதோ ஒரு காயையோ விதையையோ ஆட்டி எடுத்த எண்ணெய், விதை எண்ணிய அந்தக் கைகளில் கடைசியாகப் பட்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள் நீங்கள். புத்தகத்தில் கைகளின் நிலையை எழுதுங்கள், எந்த விரல் மடங்காது, எந்த நகம் பிளந்தது என்று.

ஞானஸ்நானத்துக்கு வராதது பாக்கி இருக்கிறது. அவர் பக்கம் வாதாட எனக்கு விருப்பமில்லை. பக்கத்தில் யாரையாவது காவலுக்குச் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். முடியாது என்பதற்கான காரணத்தையாவது ஒரு வாக்கியத்தில் சொல்லியிருக்கலாம். இருந்தாலும் தேதியைப் பாருங்கள். உங்கள் ஞாயிறு டிசம்பர் 14. வட்டம் 15. ஈனும் தேதி பத்து நாள் முன்னும் போகும், பின்னும் போகும். வாலடியின் இருபுறமும் குழி விழுந்து, மடி நிறைந்து, காம்பில் பிசின் போலக் கட்டினால் எந்த நேரமும் ஆகலாம். பனிக்குடம் தெரிந்த பிறகு இரண்டு மணி நேரம் முன்னேற்றமில்லை என்றால் வைத்தியர் வேண்டும். முதலில் இரண்டு முன்னங்குளம்பு, உள்ளங்கால் கீழ்நோக்கி, அவற்றின்மேல் மூக்கு: இது சரியான வரத்து. உள்ளங்கால் மேல்நோக்கி இருந்தால் பெரும்பாலும் பின்னங்கால். அப்போது இழுப்பவர் மூட்டைத் தடவிப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். பசு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி இழுக்க வேண்டும். முக்காதபோது இழுத்தால் தாய்க்குக் காயம். விழுந்ததும் மூக்கைத் துடைத்து, வைக்கோலால் உடம்பைத் தேய்த்து, தொப்புளை அயோடினில் முக்கி, ஆறு மணி நேரத்துக்குள் சீம்பால். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு முதல் நாளுக்குள் உள்ளே போக வேண்டும். ஒரு நாள் கடந்தால் குடல் சீம்பாலில் உள்ள எதிர்ப்புச்சக்தியை உறிஞ்சாது. நஞ்சுக்கொடி பன்னிரண்டு மணி நேரத்துக்குள் விழுகிறதா என்று பார்க்க வேண்டும், விழாவிட்டால் கையால் பிடித்து இழுக்கக் கூடாது. இத்தனையும் “வேலை இருக்கிறது” என்ற அந்த ஒரே வார்த்தைக்குள் இருந்தது. விடுதியில் வளர்ந்த பிள்ளைக்கு அது கேட்கவில்லை. அவருக்கும் விரித்துச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் கடிதத்தில் 15-ஆம் தேதியைச் சொன்னீர்கள், 18-ஐச் சொன்னீர்கள். 14-ஐச் சொல்லவில்லை. நீங்கள் அனுப்பிய படமும் அந்த வாரத்தின் இடது ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை வரிசை அதில் இல்லை. காலண்டரை ஜன்னலோரம் கொண்டுபோய் அந்தக் கட்டத்தைப் பாருங்கள். ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால், என்ன எழுத்து, எந்த முனையால் எழுதியது என்று எனக்கு எழுதுங்கள்.